தனி ஆவர்த்தனத்துக்கு யார் பெயர்?

1984இல் கும்பகோணத்தில் ஒரு ரெக்கார்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு அப்பா கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். கடை என்று சொன்னாலும் பத்துக்கு எட்டு அறைதான். ஒரு சுவர் முழுக்க எல்.பி. ரெக்கார்டுகள், மேஜைமேல் இரண்டு டெக், வாசலில் கண்ணாடிக் கதவு. வாடிக்கையாளர் ஒரு முழு வெள்ளைத்தாளில் பாட்டுகளை எழுதிக்கொண்டு வருவார். 60 நிமிட கேசட் என்றால் 12, 13 பாட்டு. 90 என்றால் 20 பாட்டுவரை பிடிக்கும். மூன்று நாள் கழித்து வரச் சொல்வோம்.

முதல் ஆறு மாதம் முதலாளி என் கையில் டெக்கைத் தரவில்லை, பேனாவைத்தான் தந்தார். கேசட் டப்பாவுக்குள் செருகும் அட்டையில் விவரம் எழுதுவது என் வேலை. அதற்கு அவர் ஒரு வரிசை வைத்திருந்தார். பாட்டு, படம், பாடியவர், இசை, எழுதியவர். பெரும்பாலான கடைகளில் பாட்டும் படமும் எழுதினால் போதும். எங்கள் கடையில் எழுதியவர் பெயர்வரை வேண்டும். ஒரு பக்கத்தில் ஏழெட்டுப் பாட்டுக்கு அத்தனையும் எழுத அந்த அட்டையில் எங்கே இடம் இருக்கிறது? கேட்டேன். "இடம் பத்தலன்னா எழுத்தைச் சின்னதாக்குடா, பேரை வெட்டாதே" என்றார். பேனா முனையால் எறும்பு மாதிரி எழுதப் பழகிக்கொண்டேன்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்று ஆயிரக்கணக்கான பாட்டு ஃபைல்களுக்கு ஒரே சொடுக்கில் பெயர் போடுகிறேன். கேட்பவர்கள் கணினி வேலை என்று நினைக்கிறார்கள். எனக்கு இது அந்த அட்டை வேலைதான்.

கடைக்குக் கணினி வந்தது 1999இல். அதற்குள் முதலாளி உடம்புக்கு முடியாமல் கடையை என்னிடம் விட்டிருந்தார். வின்ஆம்ப் என்ற மென்பொருளை ஒரு இஞ்சினியரிங் மாணவர் வந்து ஏற்றித் தந்தார். 700 எம்பி சிடி ஒன்றில் எம்பி3 ஆக 150 பாட்டு அடங்கியது. அதுவரை வியர்வை சிந்திப் பன்னிரண்டு பாட்டு போட்டுக் கொடுத்தவனுக்கு அது மலைப்பாக இருந்தது. ஆனால் 150 பாட்டின் விவரத்தை எந்த அட்டையில் எழுதுவது? சிடி உறையில் "இளையராஜா ஹிட்ஸ்" என்று மார்க்கர் பேனாவால் எழுதிக் கொடுத்துவிட்டேன். வாங்கிப் போனவர் மறுநாளே வந்து நின்றார். "என்னென்ன பாட்டு இருக்குன்னு எப்படிண்ணே தெரிஞ்சுக்கிறது?" என்றார். பாட்டுக்குள்ளேயே பெயர் எழுதும் இடம் இருக்கிறது என்று அந்த மாணவர்தான் காட்டிக்கொடுத்தார்.

எம்பி3 ஃபைலின் வாலில் 128 பைட் அளவுக்கு ஒரு சின்ன இடம். 1996இல் எரிக் கெம்ப் என்பவர் செய்த ஏற்பாடு. பாட்டின் பெயருக்கு 30, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, வகைக்கு ஒரே ஒரு பைட். இதுதான் டேக். இசையமைப்பாளருக்கு இடமே இல்லை. தமிழ்ப் பாட்டு கேட்பவர் முதலில் கேட்கும் பெயரே அதுதான். எழுதியவருக்கும் இல்லை. 30 எழுத்தில் மூன்று பாடகர்களின் பெயரை ஆங்கிலத்தில்கூட அடக்க முடியாது. எழுத்தைச் சின்னதாக்கவும் வழியில்லை. வகைக்கான அந்த ஒரு பைட்டில் எண் போடுவார்கள். முதலில் வகுத்த 80 வகைகளில் பொல்கா நடனத்துக்கு ஓர் எண் உண்டு, கர்நாடக இசைக்குக் கிடையாது. வகையை நிரப்பாமல் சுழியாக விட்ட ஃபைல்களைத் திறந்தால் திரையில் "ப்ளூஸ்" என்று வரும், ஏனென்றால் சுழி என்ற எண் ப்ளூஸுக்குக் கொடுக்கப்பட்டது. எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம் ஓடும்போது கீழே ப்ளூஸ் என்று எழுதியிருப்பதைக் கண்டு ஒரு பெரியவர் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்.

சில ஆண்டுகளில் டேக்கின் அடுத்த வடிவம் வந்தது. அது ஃபைலின் தலையில் உட்காரும், இடக் கணக்கு கிடையாது. இசையமைப்பாளர், பாடலாசிரியர் எல்லோருக்கும் கட்டம் உண்டு, வேண்டுமானால் நாமே புதிதாகக் கட்டம் கட்டிக்கொள்ளலாம். ஆனால் பழைய வாலும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. தலையில் ஒரு பெயரும் வாலில் இன்னொரு பெயருமாக எத்தனையோ ஃபைல்களைப் பார்த்திருக்கிறேன். சில பிளேயர்கள் தலையைப் படிக்கும், சில வாலைப் படிக்கும்.

மொத்தமாகப் பெயர் போடும் வித்தையை எனக்குக் கற்றுத் தந்தது எம்பி3டேக் என்ற மென்பொருள். ஜெர்மனியைச் சேர்ந்த ஃப்ளோரியன் ஹைடென்ரைஷ் எழுதியது, விண்டோஸில் இலவசம். அதில் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியை நான் வாய்பாடு என்றே சொல்வேன். %டிராக்% - %டைட்டில்% என்று எழுதினால், "07 - இன்ன பாட்டு" என்ற ஃபைல் பெயரைப் பிரித்து, ஏழை எண் கட்டத்திலும் பாட்டைப் பெயர்க் கட்டத்திலும் கொண்டுபோய் வைக்கும். உண்மையில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவில் இருப்பது கட்டத்தின் பெயர், மற்றபடி கோடு, இடைவெளி எல்லாம் ஃபைல் பெயரில் உள்ளபடியே இருக்க வேண்டும். வேண்டாத துண்டு நடுவில் வந்தால் %டம்மி% என்று போட்டுக் கழித்துவிடலாம். இதையே திருப்பி, டேக்கில் இருப்பதைக் கொண்டு ஃபைலுக்குப் பெயர் வைக்கலாம், ஃபோல்டர்கூட அமைக்கலாம். 4000 ஃபைலுக்கு ஒரே வரி.

முதல் வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. கண்ணில் பட்ட ஃபோல்டரையெல்லாம் திறந்து வாய்பாடு போட்டேன். இசையமைப்பாளர், கோடு, பாட்டு என்ற வரிசையில் இருந்த 1960களின் படப்பாட்டு ஃபோல்டர் ஒன்றில்தான் முதல் அடி விழுந்தது. "விஸ்வநாதன் - ராமமூர்த்தி - பாட்டு" என்று இருந்த ஃபைல்களை மென்பொருள் முதல் கோட்டிலேயே வெட்டிவிட்டது. விஸ்வநாதன் இசையமைப்பாளர் ஆனார், ராமமூர்த்தி பாட்டின் தலைப்பில் போய் ஒட்டிக்கொண்டார். சங்கர்-கணேஷுக்கும் அதே கதி. மென்பொருளுக்குக் கோடு என்றால் வேலி. நமக்கு அது இரண்டு பேரைச் சேர்த்துக் கட்டும் கயிறு. அன்றிலிருந்து ஃபைல் பெயரில் வேலியாக இரட்டைக் கீழ்க்கோடு மட்டுமே போடுகிறேன். எந்தத் தமிழ்ப் பெயரிலும் அது வராது.

அதே இரட்டையர் விஷயத்தில் இன்னொரு பாடமும் கிடைத்தது. ஃபைல்களில் பாதிக்கு மேல் "எம்.எஸ்.வி." என்று மட்டுமே இருந்தது, ராமமூர்த்தி பெயரை யாரோ விட்டிருந்தார்கள். 1965இல் "ஆயிரத்தில் ஒருவன்" படத்தோடு இருவரும் பிரிந்தார்கள் என்பது எனக்கு முதலாளி சொல்லித் தெரியும். அந்தப் படத்துக்கு முந்தியது என்றால் இருவர் பெயரும், பிந்தியது என்றால் எம்.எஸ்.வி. மட்டும் என்று ஆண்டை வைத்தே ஒரு நிபந்தனை எழுதினேன். அழகாக ஓடியது. அப்புறம் 1995இல் வந்த "எங்கிருந்தோ வந்தான்" கண்ணில் பட்டது. முப்பது ஆண்டு கழித்து இருவரும் மறுபடி சேர்ந்து இசையமைத்த படம். என் நிபந்தனை அதில் ராமமூர்த்தியை மறுபடி பிரித்து வைத்திருந்தது. கையால் திருத்தினேன்.

ஃபோல்டர் அமைக்கும்போது படத்தின் பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு "பில்லா" ஒன்று போதும். 1980இல் எம்.எஸ்.வி. இசையில் ஒன்று, 2007இல் யுவன் சங்கர் ராஜா இசையில் ஒன்று. நாயகன் தன் பெயரைச் சொல்லி ஆடும் பாட்டு இரண்டிலும் ஒரே பெயரில் இருக்கிறது. %ஆல்பம்% என்று மட்டும் போட்டு ஓடவிட்டால் இரண்டு படமும் ஒரே ஃபோல்டரில் போய் விழும், அந்தப் பாட்டில் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறப் பார்க்கும். மென்பொருள் எச்சரித்தது, அதனால் தப்பித்தேன். படிக்காதவன், பொல்லாதவன், மாப்பிள்ளை, முரட்டுக்காளை என்று தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்த தலைப்புகளுக்குப் பஞ்சமில்லை. அன்று முதல் என் வாய்பாட்டில் ஆண்டுதான் முதலில் நிற்கும், படம் பின்னால்தான்.

பென் டிரைவ் காலம் வந்தபோது வேறு தொல்லை. கார்க்காரர்கள் வந்து, "ஒண்ணு ஓடினதும் பத்து ஓடுது, அப்புறம் பதினொண்ணு, இரண்டு எங்கேயோ போயிடுது" என்பார்கள். எண்ணை எழுத்தாகப் படித்தால் அப்படித்தான் வரும். டிராக் எண்ணை எப்போதும் இரண்டு இலக்கமாக்கும்படி வாய்பாட்டில் ஒரு சின்னச் சொல் சேர்த்தால் தீர்ந்தது. அதற்கும் கேட்காத கார் ஸ்டீரியோக்கள் உண்டு. ஃபைல் எந்த வரிசையில் பென் டிரைவில் ஏறியதோ அந்த வரிசையில்தான் பாடுவேன் என்று அடம் பிடிக்கும். அவற்றுக்காக வரிசைப்படி ஒவ்வொன்றாக ஏற்றிக் கொடுத்தேன்.

இத்தனையும் ஆங்கில எழுத்தில் பெயர் இருந்தவரை. தமிழில் எழுத ஆசைப்பட்டபோதுதான் உண்மையான வேலை தொடங்கியது.

ஆரம்பத்தில் ஆளுக்கொரு ஃபாண்ட் வைத்திருந்தோம். என் கணினியில் தமிழாகத் தெரிந்தது அடுத்த கடைக் கணினியில் வாலும் கொம்பும் முளைத்த ஐரோப்பிய எழுத்தாகத் தெரியும். யூனிகோட் வந்து அதைத் தீர்த்தது. ஆனால் யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். உயிர்மெய்யின் காலும் கொக்கியும் தனிக் குறி, புள்ளியும் தனிக் குறி. பழைய வாலில் இருக்கும் 30 பைட்டில் தமிழுக்குக் கிடைப்பது பத்தே குறி. ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவரின் காரில் உட்கார்ந்து ராகப் பெயர்களைச் சோதித்தேன். "ஹம்ஸத்வனி" முழுசாக வந்தது. எண்ணிப் பார்த்தால் ஒன்பது குறி. "சங்கராபரணம்" பதினொன்று. கடைசிக் குறி மட்டும் வெட்டுப்பட்டு "சங்கராபரணம" என்று திரையில் நின்றது. புள்ளி ஒன்று போனாலும் எனக்கு அது காலில் முள் மாதிரி உறுத்தியது. எல்லா ஃபைலிலிருந்தும் அந்தப் பழைய வாலை மொத்தமாக வெட்டி எறிந்தேன்.

அடுத்து ராகப் பட்டியலில் "மோகனம்" இரண்டு முறை வந்தது. ஒன்றின் கீழ் 41 ஃபைல், இன்னொன்றின் கீழ் 17. எழுத்துக்கு எழுத்து பார்த்தேன், வித்தியாசமே தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதும் ஒன்றுதான். இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் புரிந்தது. "மோ" என்பதில் உள்ள ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. அந்த 17 ஃபைலும் ஒருவருடைய மேக் கணினி வழியாக வந்தவை. அந்தக் கணினி ஃபைல் பெயர்களை அப்படிப் பிரித்துத்தான் வைத்திருந்தது. அந்தப் பெயரிலிருந்து வாய்பாடு போட்டு டேக்கை நிரப்பியபோது பிரிந்த எழுத்து அப்படியே உள்ளே போய்விட்டது. தோடி, காம்போதி எல்லாமே இரண்டிரண்டாக இருந்தன. கொம்பும் காலும் சேர்ந்து வந்தால் ஒரே குறியாக்கு என்று மாற்று விதி எழுதினேன். இந்த விதியால் எந்தச் சொல்லுக்கும் கேடு வராது, தைரியமாக மொத்தமாக ஓட்டலாம்.

அந்தத் தைரியம்தான் அடுத்ததில் என்னைக் கவிழ்த்தது. "மௌன ராகம்" படத்தைப் பலரும் ஒற்றைக் கொம்பும் "ள" எழுத்தும் போட்டு "மெளன ராகம்" என்று தட்டியிருந்தார்கள். கௌளை, கௌரிமனோகரி ராகங்களுக்கும் அதே பிழை. பார்வைக்குச் சரிபோல இருக்கும், தேடினால் கிடைக்காது. ஒற்றைக் கொம்பும் "ள"வும் சேர்ந்து வருமிடத்தில் எல்லாம் ஔகாரக் குறியாக்கு என்று விதி எழுதி 9000 ஃபைலில் ஓட்டினேன். மௌன ராகம் சரியானது. "வெள்ளி விழா" சிதைந்தது. வெள்ளிக்கிழமை அம்மன் பாடல்கள் அத்தனையும் சிதைந்தன. "தெளிவு", "கெளுத்தி", "வெளியே" என்று அந்த இரண்டும் நியாயமாகச் சேரும் சொற்கள் தமிழில் எவ்வளவு இருக்கின்றன என்பதை அன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தியபோதுதான் உணர்ந்தேன். மென்பொருளை மூடிவிட்டதால் பழையபடி திரும்பவும் வழியில்லை. இப்போது அந்த விதியில் முழுச் சொற்கள் மட்டுமே இருக்கின்றன. மௌனம், கௌளை, கௌரி, கௌசல்யா என்று நாற்பது சொல். புதிதாக ஒன்று கண்ணில் பட்டால் சேர்ப்பேன்.

கர்நாடக இசைக்காரர்கள் ஆங்கில எழுத்தில் எழுதும் முறை ஒன்று உண்டு. நெடிலுக்குப் பெரிய எழுத்து, குறிலுக்குச் சின்ன எழுத்து. ணகரத்துக்கும் பெரிய எழுத்துதான். ஓர் அன்பர் அந்த முறையில் பல ஆண்டு உழைத்து எழுதிய ஃபைல் பெயர்களை, அவருக்குத் தெரியாமல் அவருடைய பேரன் "எழுத்து கோணல்மாணலா இருக்கு தாத்தா" என்று எல்லாச் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கி அழகுபடுத்திவிட்டான். மென்பொருளில் அதற்கு ஒரு பொத்தானே இருக்கிறது. குறில் நெடில் வேறுபாடு அத்தனையும் போச்சு. அவர் என்னிடம் கொண்டுவந்தபோது கண் கலங்கியிருந்தார். என்னாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால்தான் எந்த வேலையை எடுத்தாலும் முதலில் எல்லா டேக்கையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி எடுத்து வைக்கிறேன்.

இதற்குள் படப்பாட்டை நகலெடுத்து விற்பதை நிறுத்தியிருந்தேன். அது யாருடைய உரிமை என்று நாங்கள் கேட்டுக்கொள்ளாத காலம் ஒன்று இருந்தது. கேட்டுக்கொண்ட பிறகு அதில் கை வைக்கப் பிடிக்கவில்லை. வீடுகளில் பரணில் கிடக்கும் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தருவதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டேன். 90 நிமிட கேசட்டுக்கு 90 நிமிடம் ஆகும், அதில் குறுக்கு வழி கிடையாது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வானொலிக் கச்சேரிகளைப் பதிவு செய்து வைத்த வீடுகள் ஏராளம். திருச்சி வானொலியில் ராத்திரி கச்சேரி என்றால் டெக்கில் கேசட்டைப் போட்டுத் தயாராக உட்கார்ந்திருப்பார்கள்.

2009இல் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் அப்படி 212 கேசட்டுகளைக் கொண்டுவந்தார். 1978 முதல் பதிவு செய்தவை, ஒவ்வொன்றிலும் தேதி இருந்தது. ராகம், தாளம், இயற்றியவர் என்று தனித்தனிக் கட்டம் கட்டினேன். கார் ஸ்டீரியோவுக்குத் தனிக் கட்டங்கள் தெரியாது என்பதால், கிருதி, ராகம், தாளம் மூன்றையும் கட்டங்களிலிருந்து எடுத்துக் கோத்துத் தலைப்பை உருவாக்க ஒரு வாய்பாடு எழுதினேன். பிழை கண்டால் கட்டத்தில் திருத்தி வாய்பாட்டை மறுபடி ஓட்டினால் போதும். இந்த முறையை நான் இன்றும் மாற்றவில்லை.

பாட்டுப் பட்டியலை அந்த அதிகாரியே தட்டச்சு செய்து கொடுத்தார். ஒரு வரிக்கு ஒரு பாட்டு. டெக்ஸ்ட் ஃபைலின் முதல் வரியை முதல் ஃபைலுக்கும் இரண்டாம் வரியை இரண்டாம் ஃபைலுக்கும் போடும் வசதி மென்பொருளில் உண்டு. ஓட்டிவிட்டு முதல் நாலு ஃபைலைக் கேட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஒரு மாதம் கழித்து அவர் போன் செய்தார். "ஏழாவது கேசட்லேருந்து எல்லாம் ஒண்ணு தள்ளிப் போயிருக்குப்பா. பைரவின்னு போட்டிருக்கு, கல்யாணி பாடுது" என்றார். தேடினால், ஆறாவது கேசட்டில், தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் ஒன்றை நான் தனி ஃபைலாக வெட்டியிருந்தேன். அவர் பட்டியலில் அது இல்லை. அவருக்கு அது பாட்டில்லை, அதனால் எழுதவில்லை. அந்த ஒரு வரி இல்லாமல் அடுத்த பெயர் எல்லாம் ஒவ்வொன்றாக மேலே ஏறிவிட்டது. போகப் போக இன்னும் பல தனிகள் அப்படியே விட்டுப்போயிருந்தன. எல்லாவற்றையும் கண்டுபிடித்து, "தனி ஆவர்த்தனம்" என்று நானே வரி சேர்த்து மறுபடி ஓட்டினேன். பாடியவர் கட்டத்தைக் கேசட்டுக்கு ஒரு பெயராக மொத்தமாக நிரப்பினேன். அவருக்குத் திருப்தி, எனக்கும் திருப்தி.

2019 ஆடி மாதம் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கடைக்கு வந்தார். அவருடைய அப்பா வானொலி நிலைய வித்துவான், மிருதங்கம். இறந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. வீட்டில் அவர் வாசித்தது ஒரு கேசட்கூட இல்லை. "ஊருக்கெல்லாம் வாசிச்சவர் சார். நாங்க பதிவு பண்ணி வெச்சுக்கல. ரேடியோவுல தினமும் வருதே, எதுக்குன்னு இருந்துட்டோம்" என்றார். பெயரைத் தேடல் பெட்டியில் தட்டினேன். என்னிடம் அப்போது 30,000 ஃபைல்களுக்கு மேல். ஒன்றும் வரவில்லை.

"இருங்க டீச்சர்" என்று வங்கி அதிகாரியின் தொகுப்பைத் திறந்து, அந்தக் காலத்துத் திருச்சிக் கச்சேரி ஒன்றை ஓடவிட்டேன். கிருதி முடிந்து தனி தொடங்கியது. அவர் நாற்காலியின் விளிம்புக்கு வந்து கையால் தாளம் போட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இது அப்பாதான்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இந்த இடத்துல தொப்பியில ஒரு கும்கி குடுப்பார் பாருங்க. வீட்டுல சாதகம் பண்றப்ப கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கத்துலயும் தெரியும்."

அப்போது திரையைப் பார்த்தார். தலைப்பு, தனி ஆவர்த்தனம். பாடியவர் என்ற கட்டத்தில் அந்தப் பாடகரின் பெயர். ஒன்பது நிமிடமும் பாடகர் வாயே திறக்காத ஒரு ஃபைல் அது. ஆசிரியை குறையாக எதுவும் சொல்லவில்லை. "வாசிச்சவர் பேர் போட இடமில்லையா சார்?" என்று மட்டும் கேட்டார்.

இடம் இருந்தது. ராகத்துக்கும் தாளத்துக்கும் கட்டம் கட்டியவன் நான். வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் கட்டத் தோன்றவில்லை. அதைவிடக் கனமான இன்னொன்றும் இருந்தது. வானொலியில் கச்சேரி தொடங்கும்போதே அறிவிப்பாளர் பாடுபவர், வயலின், மிருதங்கம் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்வார். பாட்டு இல்லாத பகுதி என்று நினைத்து அந்த அறிவிப்புகளை நான் கணினியில் வெட்டி எறிந்திருந்தேன். 212 கேசட்டிலும்.

ஆசிரியை அடுத்த வாரம் அப்பாவின் டைரிகளைக் கொண்டுவந்தார். தினம் ஒரு வரி எழுதும் பழக்கம் அவருக்கு. தேதி, பாடியவர், சில இடங்களில் பிரதானமாகப் பாடிய ராகம். நான் என் டேக்குகளைத் தேதி வரிசையில் பட்டியலாக எடுத்தேன். டைரியை அவர் படிக்க, நான் பட்டியலில் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். மூன்று மாலை ஆனது. தேதியும் பாடகரும் பொருந்தியவை 31 கச்சேரிகள். ஆனால் டைரியில் அவர் வாசிப்பதாக எழுதிவிட்டுக் கடைசி நேரத்தில் வேறொருவர் வாசித்திருக்கலாமே? ஊகத்தில் ஒரு பெயரைப் போட எனக்கு மனம் வரவில்லை. அசல் கேசட்டுகள் வேண்டும்.

வங்கி அதிகாரி காலமாகியிருந்தார். அவருடைய மனைவி, "அவர் தொட்டதுப்பா, தூக்கிப் போட மனசு வரலை" என்று பரணைக் காட்டினார். 31 கேசட்டுகளையும் எடுத்து வந்தேன். சிலவற்றில் பூஞ்சை. சிலவற்றில் அந்த அதிகாரியே அறிவிப்பு முடிந்த பிறகுதான் பதிவைத் தொடங்கியிருந்தார். 22 கேசட்டுகளில் அறிவிப்பு இருந்தது. டெக்கில் போட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். சுருதிப்பெட்டிச் சத்தம் மெல்ல எழும், அறிவிப்பாளரின் நிதானமான குரல் வரும். 19இல் ஆசிரியையின் அப்பா பெயர். மூன்றில் வேறு வித்துவான்கள். அறிவிப்பு இல்லாத ஒன்பதில் ஆசிரியையையே கேட்கச் சொன்னேன். ஐந்துக்குத் தலையசைத்தார். நாலுக்கு, "தெரியலை சார், போட வேண்டாம்" என்றார். அந்த நாலையும் காலியாகவே விட்டிருக்கிறேன்.

மிருதங்கம் என்று புதிய கட்டம் திறந்தேன். வயலின், கடம், கஞ்சிரா, அறிவிப்பில் காதில் விழுந்த எல்லாவற்றுக்கும் திறந்தேன். அந்த மூன்று வேறு வித்துவான்களின் பெயரையும் அவரவர் கச்சேரியில் போட்டேன். தனி ஆவர்த்தன ஃபைல்களை மட்டும் பிரித்தெடுத்து, பாடியவர் கட்டத்தில் பாடகர் பெயருக்குப் பதிலாக %மிருதங்கம்% கட்டத்தில் இருப்பதை எடுத்து வை என்று ஒரு வரி எழுதினேன். ஓட்டும் முன் முன்னோட்டம் காட்டும். 24 வரிகளில் ஒன்றன் கீழ் ஒன்றாக அவருடைய அப்பாவின் பெயர் இறங்கியது.

ஆசிரியை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். அப்புறம் திரையில் விரல் வைத்து, "முன்னாடி இன்னொரு இனிஷியல் உண்டு சார். ஊர் பேர். ரேடியோவுல சொல்ல மாட்டாங்க. அப்பா கையெழுத்துல எப்பவும் போடுவார்" என்றார். கட்டத்தில் அந்த எழுத்தைச் சேர்த்து, வாய்பாட்டை மறுபடி ஓட்டினேன்.